ஞாயிற்றுக்கிழமைத் துணி

தினமும் துணி துவைக்க வேண்டும் என்று யாராவது எனக்கு எடுத்துச் சொன்னால் இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வருகிறது. சொல்கிறவர் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். எங்கள் ஊரில் குழாயைத் திருகினால் காற்றுதான் வரும், அதுவும் புஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு வரும். இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை பொய்த்துப்போன அந்த இரண்டு மூன்று வருஷங்களைச் சொல்கிறேன். நான் மல்லாங்கிணற்றில் பிறந்தவள். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். ஆனைக்குட்டம் அணை வற்றிவிட்டால் பதினைந்து நாள் ஆகும், அதற்கு மேலும் ஆகும். தெருமுனை அடிபம்பில் தண்ணீர் இருந்தது, வாயில் வைக்க முடியாத உப்பு, அதற்கும் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். அதில் சோப்பைப் போட்டால் நுரைக்காது, திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக மிதக்கும். துணி காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பி மத்தாப்பு கம்பெனியில் வேலை பார்த்தோம். கம்பிகளைச் செருகிய மரச் சட்டத்தை மருந்துக் குழம்பில் முக்கி எடுப்பது அவர் வேலை. வெயிலில் காய்ந்த மத்தாப்பைச் சட்டத்திலிருந்து உருவிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. உருவும்போது வெள்ளி நிறத்தில் தூசி பறக்கும். சாயங்காலம் வேன் எங்களை இறக்கிவிடும்போது கண்ணிமை, காதுமடல், நகக்கண் எல்லாம் பளபளவென்று இருக்கும். சாமி வேஷம் போட்டவர்கள் வருகிறார்கள் என்று வேனைப் பார்த்துக் கிண்டல் செய்வார்கள். நாங்களும் சிரிப்போம், வேறென்ன செய்ய.

கம்பெனிக்குப் பாலியெஸ்டர் கட்டிக்கொண்டு போகக் கூடாது. உரசினால் பொறி வரும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நூல் சேலைதான் கட்ட வேண்டும். என்னிடம் வேலைக்கென்று இரண்டே நூல் சேலைகள் இருந்தன. அவருக்கு இரண்டு சட்டை, இரண்டு கைலி. அந்தத் துணிகளை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். வெளிச்சுவரில் ஒரு ஆணி உண்டு, அவிழ்த்து அதில் மாட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். மறுநாள் காலையில் அதே துணியை உதறி மாட்டிக்கொண்டு போக வேண்டும். திங்கள் முதல் சனி வரை ஒரே துணிதான். ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்குத்தான் கம்பெனித் துணி துவைப்போம். தெருவுக்கே அதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் தெருச் சாக்கடை வெள்ளியாக ஓடும்.

வருஷக்கணக்காக இப்படிக் கசக்கிக் கசக்கி, என் சேலைகளில் ஒன்று வெளுத்து மெத்தென்று ஆகிவிட்டது. சாயம் போய் என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. ஏழு மாதம் வரை வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்தச் சேலையில்தான் வேலைக்குப் போனேன். பிறகு அதைத் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, பிரசவத்துக்கு மல்லாங்கிணறு போனேன்.

ஐந்தாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அம்மா வீட்டில் இருந்தவரை அவன் உடம்பு வழவழவென்று இருந்தது. தொட்டில் கட்ட வேண்டும் என்றதும் பக்கத்து வீட்டு மதினி வந்துவிட்டாள். அவள் என் வீட்டுக்காரரின் அக்கா, வீட்டில் இருந்தபடியே வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுப்பவள். நான் அம்மா வாங்கிக் கொடுத்த புதுச் சேலையை எடுத்து நீட்டினேன்.

"ஏ பிள்ள, கூறு இருக்கா ஒனக்கு? புதுத்துணியில கஞ்சி இருக்கும், பச்சப்பிள்ளைக்குக் குத்தும். பழசுல எது மெத்துனு இருக்கு, அத எடு."

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையைப் பழந்துணியில்தான் கிடத்துவார்கள். உடுத்தி உடுத்தி இளகிய துணிதான் பிள்ளைக்கு ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீட்டில் இருந்த துணிகளிலேயே அதிகம் இளகியது எது என்று பெட்டிக்குள் கை விட்டுத் தடவிப் பார்த்தேன். அந்தக் கம்பெனிச் சேலைதான் கையில் பட்டது. மதினியும் தடவிப் பார்த்துவிட்டு, "பூ மாதிரில்ல இருக்கு, இதயே கட்டுவோம்" என்றாள். இருவரும் சேர்ந்து உத்தரத்தில் கட்டினோம். அவருடைய பழைய கைலியைக் கிழித்து மூத்திரத்துணி போட்டேன். அதுவும் மெத்தென்றுதான் இருந்தது.

மூன்றாம் வாரம் பிள்ளையின் முதுகில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக வந்தது. வேர்க்குரு என்று நினைத்தேன், சித்திரை வெயில் அப்படிக் கொளுத்தியது. பிறகு கழுத்து மடிப்பில் வந்தது, தொடையிடுக்கில் வந்தது. ஒரு வாரத்தில் கழுத்து மடிப்பு வெந்து தோல் உரிந்து நீர் கசிய ஆரம்பித்தது. பிள்ளை தூங்குவதில்லை. தொட்டிலில் போட்டால் பத்து நிமிஷம் கண் மூடுவான், பிறகு முதுகைத் தேய்த்துத் தேய்த்து வீறிடுவான். பால் குடிக்கக்கூட நிதானம் இல்லை, வாய் வைத்ததும் உதறிக்கொள்வான். கன்னம் வற்றிப்போனது. தேங்காயெண்ணெய் தடவினேன், வேப்பிலை அரைத்துப் போட்டேன், அடிபம்புத் தண்ணீரின் மேல் பழி போட்டேன். எதுவும் கேட்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு நர்ஸ் இருந்தார், எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். வெள்ளைச் சேலை எப்போதும் அப்போதுதான் பெட்டி போட்டு எடுத்தது மாதிரி இருக்கும். பிள்ளையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "பிள்ளைத் துணிய எத்தன நாளைக்கு ஒருக்கா தொவைக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். எல்லோரும் எங்கள் ஊர்க்காரிகள்.

"தினமும் தொவைக்கேன் சிஸ்டர்" என்றேன்.

வாய் கூசாமல் பொய் சொன்னேன். உண்மையைச் சொல்வதென்றால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மூத்திரத்துணியை அலசுவதில்லை, வெயிலில் போட்டுக் காய்ந்ததும் திரும்பவும் விரிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பீத்துணி மட்டும்தான் தண்ணீர் பார்க்கும் என்று சொல்ல வேண்டும். தொட்டில் சேலை நனைந்தால் முடிச்சைத் தளர்த்தி, ஈரப்பகுதியை மேலே இழுத்து, காய்ந்த பகுதி அடியில் வருகிற மாதிரி நகர்த்திக் கட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். சேலை நீளமானது, நாலைந்து நாளைக்கு நகர்த்திக்கொண்டே போகலாம். பின்னால் நின்ற அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். ஆனாலும் அதை அந்த வெள்ளைச் சேலைக்கு முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"தினமும் தொவைச்சா சரிதான். அப்ப வேக்காடாத்தான் இருக்கும்" என்று சொல்லி, ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணி மருந்து கொடுத்தார். பூசினேன். பிள்ளை ரோஸ் நிறத்தில் அழுதான்.

பொய் சொன்னது உறுத்தத் தொடங்கியது. அழுக்குத் துணியால்தான் பிள்ளைக்கு இப்படி, நான்தான் காரணம் என்று எனக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. ஊருக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. போக ஒரு மைல், வர ஒரு மைல். தோட்டக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி தினமும் இரண்டு குடம் வாங்கினேன். "குடிக்கன்னு சொல்லிட்டுத் துணி கசக்குனா தெரியும் சேதி" என்று அவர் மிரட்டினார். குடிக்கத்தான் என்று அவரிடமும் பொய் சொன்னேன். பொய்க்கு மட்டும் அப்போது எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை.

இரண்டு குடத்தை வைத்துக்கொண்டு தினமும் துவைப்பது எப்படி? ஒரே வாளியில் எல்லாவற்றையும் ஊறப்போட்டேன். தொட்டில் சேலை, மூத்திரத்துணி, கூடவே வெளிச்சுவர் ஆணியில் தொங்கும் அவருடைய கம்பெனிச் சட்டை, கைலி எல்லாம் ஒன்றாக. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்த துணியையும் தினமும் துவைக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை. தெருவில் எவளும் செய்யாததைச் செய்கிறேன் அல்லவா. முதல் தண்ணீர் சாம்பல் நிறத்தில் நிற்கும். ஒரே ஒரு அலசு அலசிப் பிழிந்து காயப்போட்டு, காய்ந்ததும் சுடச்சுடத் தொட்டிலைக் கட்டிப் பிள்ளையைப் போடுவேன்.

துவைக்கத் துவைக்கப் பிள்ளைக்கு அதிகமானது. இதை என்னவென்று சொல்வது? முகத்திலும் வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் வெடித்தது. நான் இன்னும் அழுத்திக் கசக்கினேன், இன்னும் ஒரு கட்டி சோப்பு கரைத்தேன். கை விரலிடுக்கெல்லாம் எனக்குப் புண். ஒருநாள் கல்லில் துணியை ஓங்கி அடித்துக்கொண்டே சத்தம் போட்டு அழுதேன். மதினி ஓடி வந்தாள்.

"என்ன பிள்ள, யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல மதினி. நான் என்னதான் செய்யணும், நீயே சொல்லு. அம்புட்டுத் தூரம் போயி தண்ணி தூக்குறேன், நாள் தவறாமத் தொவைக்கேன், இவன் வெந்துக்கிட்டே போறானே!"

மதினி வாளியில் மிச்சம் கிடந்ததைப் பிழிந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுபடியும் சிஸ்டரிடம் போனேன். இந்த முறை வரிசையில் நிற்கவில்லை, கூட்டம் கலையும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி ஆளாக உள்ளே போனேன். பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவர் கேட்பதற்கு முன் நானே கொட்டிவிட்டேன். அன்றைக்குச் சொன்னது பொய், அப்போது தினமும் துவைக்கவில்லை, இப்போதுதான் துவைக்கிறேன், எல்லாவற்றையும் சேர்த்துத் தினமும் துவைக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எல்லாத்தையும்னா?"

"அவுக கம்பெனித் துணியையும் சேத்துத்தான் சிஸ்டர்."

அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "தொட்டிலுக்கு என்ன சேல கட்டியிருக்கீங்க?"

"நான் மத்தாப்பு வேலைக்குக் கட்டிட்டுப் போன சேலதான். அதுதான் இருக்குறதுலயே மெத்துனு..."

முடிக்கவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்த மருந்துத் தூசிதான் என் விரலை அரிக்கும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கழுத்தையும் இப்படித்தான் அரித்தது. நான் பழகிப்போய்விட்டேன், தோல் மரத்துவிட்டது. வருஷக்கணக்காக வாரத்துக்கு ஒரு முறை, நுரைக்காத தண்ணீரில் அலசின சேலை. நூலுக்குள் இருந்ததெல்லாம் எங்கே போயிருக்கும்? அதில் என் பிள்ளையைச் சுருட்டி வைத்திருந்தேன். போதாததற்கு அவருடைய துணியில் இருந்ததையும் தினமும் கரைத்து அதில் ஏற்றியிருக்கிறேன்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதாத்தான் இருக்கும்னு நெனைக்கேன். கம்பெனித் துணி எதுவும் பிள்ள மேல படக் கூடாதும்மா. துணி மட்டும் இல்ல, வேல பாத்துட்டு வந்தா தலையோட குளிச்சிட்டுத்தான் தூக்கணும்" என்றார். பிறகு, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்டார். சொன்னேன். தலையைக் குனிந்து சீட்டில் எதையோ எழுத ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஆணியில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆத்திரம் பொங்கிவிட்டது. அவர் என்ன செய்வார் பாவம் என்று தெரிந்தும் கத்தினேன்.

"உள்ள வராதீக! அந்தத் தலையோட பிள்ள கிட்ட வராதீக!"

அவர் அப்படியே நின்றார். கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நான் எங்கன போயிக் குளிக்க?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

தொட்டிலை அவிழ்த்து எறிந்தேன். மதினி கஞ்சி போக இரண்டு தண்ணீர் அலசித் தந்த அந்தப் புதுச் சேலையைக் கட்டினேன். மூத்திரத்துணிக்கு மல்லாங்கிணற்றிலிருந்து அம்மா பழைய வேட்டிகளைக் கொடுத்தனுப்பினாள். தோட்டத்துத் தண்ணீர் முழுவதும் பிள்ளைத் துணிக்கு மட்டும். கம்பெனித் துணி பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. இரண்டு வாரத்தில் புண் ஆறத் தொடங்கியது. ஒரு மாதத்தில் கழுத்து மடிப்பில் புதுத் தோல் வந்தது. பிள்ளை தூங்கினான், சிரித்தான், கன்னம் திரும்பி வந்தது. அந்த நாட்களில் அவன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன், வேறு வேலை ஓடாது.

ஆடி பிறந்ததும் சீசன் சூடு பிடித்தது. தீபாவளி ஆர்டருக்கு ஆள் போதவில்லை என்று கம்பெனியிலிருந்து வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க முடியுமா? இருவர் கை ஓடினால்தான் அடுப்பு எரியும் வீடு எங்களுடையது. பிள்ளையை மதினியிடம் விட்டுவிட்டு நானும் வேன் ஏறினேன். அவள் வேலையில் காகிதமும் பசையும்தான், மருந்து கிடையாது.

சிஸ்டர் சொன்னபடியே செய்தோம். சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் பின்னால் போய், ஒதுக்கி வைத்த அரைக்குடத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு துணி மாற்றிய பிறகே பிள்ளையைத் தொடுவேன். அவர் அடிபம்பின் உப்புத் தண்ணீரிலேயே குளித்துக்கொள்வார். முதல் நாள், மதினி வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தவழ்ந்து வந்தான். நான் பின்னால் நகர்ந்தேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான், இன்னும் வேகமாக வந்தான். நான் இன்னும் நகர்ந்தேன். "தூக்கிட்டுப் போ மதினி, உள்ள தூக்கிட்டுப் போ" என்று கத்தினேன். அவன் அழுத அழுகை பின்கட்டு வரை கேட்டது. நெஞ்சில் பால் கட்டி வலி உயிர் போனது, நான் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தினமும் இதுதான். சில நாள் அரைக்குடமும் இருக்காது. தண்ணீர் வரத் தாமதமானால், தோட்டக்காரரும் கையை விரித்துவிட்டால், அடிபம்பில் வரிசையில் நின்று என் முறை வருவதற்குள் அவன் அழுது களைத்துத் தூங்கிவிடுவான். புரட்டாசி வாக்கில் அழுவது நின்றுவிட்டது. என்னைப் பார்த்ததும் வாசல்படியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நான் குளித்து ஈரத்தலையோடு தூக்க வந்தால்தான் கையை நீட்டுவான். "எம்புட்டு வெவரம் பாரு ஒம் பிள்ளைக்கு" என்று மதினி மெச்சிக்கொண்டாள். நானும் மெச்சிக்கொண்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வேலை சுலபமானது என்று சந்தோஷப்பட்டேன்.

ஐப்பசியில், தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, இரண்டு வருஷமாகக் காணாத மழை கொட்டியது. மத்தாப்பு காயாது என்று கம்பெனிக்கு லீவு விட்டுவிட்டார்கள். நான் கூரைத் தண்ணீரைப் பிடித்தேன். வாளி, குடம், அண்டா, சோற்றுப்பானை எல்லாம் நிரம்பி வழிந்தன. தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன், வீட்டில் இருந்த அத்தனை துணியையும் துவைத்தேன். தலை காய்ந்து, சுத்தமான சேலை கட்டி, மத்தியானம் மதினி வீட்டுக்குப் போனேன். பிள்ளை படியில் உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

அவன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக ஒரு கையை நீட்டி என் தலைமுடியைத் தொட்டான். ஈரமில்லை. கையை இழுத்து மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டு, நான் போய்க் குளித்துவிட்டு வருவதற்காகக் காத்திருந்தான்.